கலப்பில்லாத சரக்கு

எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தேன் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "கலப்பு இல்லையேப்பா?" பாட்டிலைச் சாய்த்துப் பார்ப்பார்கள், விரலில் தொட்டு நக்கிப் பார்ப்பார்கள், சிலர் தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசியும் பார்ப்பார்கள். பங்குனி, சித்திரையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டுக் கொட்டகைக்கு வேறு ஆட்கள் வருவார்கள். கட்டைப் பிரித்து நடுவிலிருந்து ஒரு புகையிலையை உருவி மோந்து பார்ப்பார்கள். நரம்போரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் ஒதுக்கிக்கொண்டு அவர்களும் அதையேதான் கேட்பார்கள். "சரக்கு சுத்தந்தானே? பழைய இலை எதுவும் கலக்கலையே?"

இரண்டு இடத்திலும் அப்பா சொல்லும் பதில் ஒன்றுதான். "நம்ம கையில செஞ்சது." அதில் பொய் இல்லை. தேனில் ஒரு சொட்டு வெல்லப்பாகு சேர்ந்ததில்லை. போன வருஷத்து இலையை இந்த வருஷத்துக் கட்டில் செருகியதும் இல்லை. இந்த உண்மையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். இது போதாது என்று புரிய எனக்கு நாற்பது வயது ஆனது.

வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை ஏன் வேரூன்றியது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், உப்பு. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினால் அவரை சுருங்கும், வாழை ஓரம் கருகும். புகையிலை மட்டும் அதைக் குடித்துவிட்டுத் தழைத்து நிற்கும். உப்பேறிய இலை சிகரெட்டுக்கு ஆகாது, சரியாக எரியாது. மெல்லும் புகையிலைக்கு அது குறையே இல்லை. வேடசந்தூரில் 1948இல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் வந்தது. வட்டக்கப்பல், ஊசிக்கப்பல் என்ற பழைய ரகங்களோடு அபிராமி, மீனாட்சி என்று புது ரகங்களும் இந்தப் பக்கம் வந்தன. சாமி பெயரும் பெண் பெயருமாக வைத்த அந்த விதைகள் கடுகைவிடப் பொடி. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். மணலோடு கலந்துதான் நாற்றங்காலில் தூவ முடியும்.

நாங்கள் பெரிய புகையிலைக்காரர்கள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருபது சென்ட் மட்டுந்தான். ஆனால் அந்த இருபது சென்டுக்கு அப்பா கொடுக்கும் கவனத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஐப்பசியில் நடவு. செடி இடுப்புக்கு வந்து மொட்டு எட்டிப் பார்க்கிற சமயத்தில் அதன் கொழுந்தைக் கிள்ளிப் போட வேண்டும். கிள்ளினால் கணுவுக்குக் கணு பக்கக் கொழுந்து வெடிக்கும், அதையும் ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் இலை தடிக்கும், காரம் ஏறும். காரணத்தைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நிக்கோட்டின் இலையில் உருவாவதில்லை, வேரில் உருவாகி மேலே ஏறுகிறது. நுனியைக் கிள்ளியதும் தன்னை ஏதோ கடிக்கிறது என்று செடிக்குத் தெரிகிறது. உடனே வேர் இன்னும் அதிகமாக விஷத்தைச் சுரந்து அனுப்புகிறது. பூச்சியைக் கொல்லச் செடி வைத்திருக்கும் ஆயுதத்தைத்தான் நாங்கள் 'காரம்' என்று சொல்லி விலை பேசிக்கொண்டிருந்தோம்.

கிள்ளுகிற கையில் பிசின் ஒட்டிக் கறுத்துவிடும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் ரேகைக்குள் நிற்கும். பனி இறங்கிய காலையில் இலைகளுக்குள் புகுந்து வேலை செய்தால் அம்மாவுக்குத் தலை சுற்றும், குமட்டும். சில நாள் வாந்தியும் எடுப்பாள். "பச்சைப் புகையிலை தலைக்கேறிடுச்சு" என்று மோர் கொடுத்துத் திண்ணையில் படுக்க வைப்போம். ஈர இலையிலிருந்து நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்குகிறது, அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு என்றெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. அம்மா ஒரு நாள்கூடப் புகையிலையைச் சாப்பிட்டவள் இல்லை.

வெட்டிய செடியை ஓர் இரவு காட்டிலேயே வாடவிட்டு, மறுநாள் பந்தலில் தலைகீழாகத் தொங்கவிடுவோம். இலை சட்டென்று காய்ந்துவிட்டால் பச்சையாகவே நின்றுவிடும், அது தோற்ற இலை. வெட்டிய பிறகும் இலைக்குள் உயிர் இருக்கிறது. சேர்த்து வைத்த மாவை அது தின்று தீர்க்க வேண்டும், பச்சை வடிய வேண்டும். மஞ்சள் ஓடி, பிறகு செம்மண் நிறம் வர வேண்டும். அதன் பிறகுதான் அடுக்கிப் போர் போடுவது. போருக்குள் தானாகவே சூடு பிறக்கும், கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி எழும். அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கை வரை போருக்குள் நுழைத்து, கண்ணை மூடி அசையாமல் நிற்பார். ஜுரக்காரக் குழந்தையின் கழுத்தில் கை வைத்துப் பார்க்கும் முகம் அது. "பிரிக்கணும்" என்றோ "ரெண்டு நாள் போகட்டும்" என்றோ சொல்வார். அந்தக் கணக்கு தவறி நான் பார்த்ததில்லை.

அதே கைதான் தேன் பெட்டியையும் திறக்கும். புகையிலை தொட்ட அன்று மட்டும் திறக்க மாட்டார். நெடிக்கு ஈ மிரளும் என்பார். அப்பா இந்தத் தொழிலைப் படித்தது மார்த்தாண்டத்தில், 1989இல். 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணியோடு தேனீ வளர்ப்புப் பரவிய ஊர் அது. பத்துப் பெட்டியோடு வந்து முருங்கைத் தோட்டங்களின் ஓரத்தில் வைத்தார். மூன்றே வருஷத்தில் பத்தும் காலி. 1991-92இல் குமரியிலும் கேரளத்திலும் பரவிய வைரஸ் நோய், புழுக்களைத் தண்ணீர்ப் பை போல உப்ப வைத்துக் கொன்றது. தென்னிந்தியாவில் பெட்டியில் வளர்த்த நாட்டுத் தேனீக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அதில் அழிந்தன. காலிப் பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டு அப்பா இரண்டு வருஷம் புகையிலை மட்டும் போட்டார். பிறகு புதுத் தேனீக் குடும்பங்களை வாங்கிய பணம் அந்தப் புகையிலைப் பணம். இன்று இருக்கும் அறுபது பெட்டியும் அதிலிருந்து பெருகியவை. புகையிலையை ஏசும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

தேனும் ஒருவகையில் பாடம் செய்த சரக்குத்தான். பூவில் இருக்கையில் அதில் பெரும்பங்கு தண்ணீர். ஈக்கள் அதை வாய் மாற்றி வாய் கொடுத்து, அடையில் ஊற்றி, ராத்திரி முழுக்கச் சிறகால் விசிறி, ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் என்ற அளவுக்கு வற்ற வைக்கின்றன. அதன் பிறகே மெழுகு வைத்து மூடும். மூடாத அடையை எடுத்தால் தேன் புளிக்கும். மூடும்வரை காத்திருக்கத் தெரிந்தவன்தான் தேன்காரன். போருக்குள் கை வைத்துக் காத்திருக்கும் பொறுமையை அப்பா எங்கே கற்றாரோ, பெட்டிக்கு முன்னாலும் அதே பொறுமையோடு உட்கார்ந்தார். பொறுமையும் நேர்மையும் கைச்சுத்தமும் இரண்டு தொழிலுக்கும் ஒன்றாகவே இருந்தன. அவை மூன்றும் இருந்தால் செய்கிற பொருளும் நல்லதாகத்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன்.

அந்த நம்பிக்கையில் முதல் கீறல் விழுந்தது அவரைப் பந்தலில். நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றி அம்மா வளர்த்த பந்தல் அது. அசுவினி அப்பியிருந்தது. கடை மருந்து வேண்டாம், பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது என்று நான்தான் புகையிலைக் கரைசல் போட்டேன். அரைக் கிலோ காம்பும் தூளும், நாலரை லிட்டர் தண்ணீர், ஒரு நாள் ஊறல், கொஞ்சம் பார் சோப்பு, ஆறேழு மடங்கு தண்ணீர். பூத்திருந்த பந்தலில் காலை எட்டு மணிக்குத் தெளித்தேன். பத்து மணிக்குப் பெட்டி வாசலில் ஈக்கள் மல்லாந்து கிடந்தன. சில செத்திருந்தன. சில ஒரே இடத்தில் வட்டமாகச் சுழன்றுகொண்டிருந்தன. குனிந்து ஒன்றை எடுத்தேன். நாக்கு முழுசாக வெளியே நீண்டிருந்தது, பின்னங்காலில் கொண்டுவந்த மகரந்தம் அப்படியே இருந்தது. மூன்று பெட்டி போயிற்று.

"நம்ம வீட்டு மருந்துதானே, எப்படி?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். பூச்சியின் நரம்பில் நிக்கோட்டின் எந்த இடத்தில் போய் உட்காருகிறதோ, அதே இடத்தில் உட்காரும்படிதான் இமிடாகுளோப்ரிட் போன்ற கடை மருந்துகளையும் செய்திருக்கிறார்கள். தேனீக்களுக்கு ஆகாது என்று அந்த வகையில் மூன்று மருந்துகளை வெளிவயலில் அடிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை போட்டது. இயற்கை விவசாயக் கூட்டங்களில் புகையிலையைப் பச்சை மிளகாய், பூண்டோடு அரைத்துக் காய்ச்சும் கரைசலைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் பூத்த பயிரில் அதை அடிக்காதே என்று அழுத்திச் சொல்கிறவர்கள் குறைவு. கரைசல் நம் வீட்டு அண்டாவில் காய்ந்தது என்பது ஈக்குத் தெரியாது.

அடுத்தது அப்பத்தா. அப்பா போடும் புகையிலையில் முதல் இலை அவளுக்குத்தான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அதன் மேல் கட்டை விரலால் மடித்து வைக்கும் ஒரு துண்டு. இடது கன்னத்தில் அது இரவும் பகலும் இருக்கும். கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு தழும்பு வந்து, பிறகு வாய் திறக்கச் சிரமமானது. மதுரைக்குக் கூட்டிப் போனோம். இளவயது டாக்டர், பெண். "என்ன பாக்கெட் பாட்டி போடுவீங்க?" என்று கேட்டார். அப்பத்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கடைச் சரக்கு இல்லம்மா. எங்க வீட்டுச் சரக்கு. எம்மவன் கையால பாடம் பண்ணது."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

பாக்கெட்டில் வருவதில்தான் கெடுதல், அதில் என்னென்னவோ கலக்கிறார்கள் என்று கிராமத்தில் இன்றும் சொல்வார்கள். 2013இல் குட்கா, பான் மசாலாவைத் தமிழ்நாடு தடை செய்தபோது அந்தப் பேச்சு இன்னும் வலுத்தது. கலப்பிலும் கெடுதல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புற்றுநோயைத் தருகிற நைட்ரோசமின்கள் யாரோ கொண்டுவந்து கொட்டுவன அல்ல. அவற்றில் பெரும்பகுதி இலை காயும்போதும் போருக்குள் புழுங்கும்போதும் அங்கேயே உருவாகிறது. அப்பா கண்ணை மூடிக் கை வைத்துப் பார்த்த அந்தச் சூட்டில்தான் அதுவும் விளைந்துகொண்டிருந்தது. 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கு மேல் புகையில்லாப் புகையிலை போடுகிறார்கள். புகைப்பவர்களைப் போல இரண்டு மடங்கு. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கடைச் சரக்கு அல்ல என்ற நம்பிக்கையோடு வாயில் வைக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. தாத்தா காலத்தில் வரிக்காக அதிகாரி வந்து கொட்டகையில் இருக்கும் இலையை எடை போட்டு எழுதிக்கொண்டு போவாராம். 1943இல் வந்த வரி, 1979இல்தான் எடுத்தார்கள். இலைக்கு அப்படி ஒரு கணக்கு இருந்தது, அதை மென்ற வாய்க்கு இல்லை.

அப்பத்தா போன மறு வருஷம், பக்கத்துத் தெருவில் குழந்தை பிறந்து சேனை வைக்கத் தேன் கேட்டு வந்தார்கள். குழந்தையின் தாத்தா, அப்பாவின் பழக்கக்காரர். நான் கொடுக்கவில்லை. ஒரு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குத் தேன் ஆகாது, தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை அந்தச் சின்னக் குடலில் முளைத்து விஷம் சுரக்கும், குழந்தை தலை தூக்க முடியாமல் துவண்டு போகும் என்று சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"அப்ப உங்க தேன் சுத்தமில்லையா தம்பி?"

"சுத்தந்தான் மாமா. சுத்தமான தேன்லயும் அது இருக்கலாம்."

அவருக்கு அது விளங்கவில்லை. எனக்கே அதைச் சொல்லி முடித்த பிறகுதான் முழுசாக விளங்கியது. எங்கள் வீட்டில் 'சுத்தம்' என்ற சொல் செய்கிறவன் கையைப் பற்றியதாகவே இருந்துவந்தது. கையில் கலப்பில்லை என்றால் பேச்சு முடிந்தது. வாங்கிப் போகிறவன் வாயைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை.

புகையிலையை விட்டுவிடலாமே என்று எளிதாகச் சொல்லலாம். நானே அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கிணற்றைக் காட்டினார். புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையில் இந்தியா 2004இல் சேர்ந்தது. புகையிலை விவசாயிக்கு வேறு பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும் என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் உப்புக் கிணற்றில் என்ன விளையும் என்று கேட்டு எங்கள் கொட்டகைக்கு இதுவரை யாரும் வந்ததில்லை. போன வருஷம் பத்து சென்ட்டில் முருங்கை வைத்தேன். உப்புக்குத் திணறித் திணறிப் பாதி பிழைத்தது. அந்தப் பாதி பூத்தபோது ஈக்கள் விடியுமுன்னே வந்துவிட்டன. மீதிப் பத்து சென்ட் அப்பாவுடையது. அவருக்கு எழுபத்தாறு வயது. அவர் கையில் இருக்கும் ஒரே படிப்பைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது பொய்யும் இல்லை.

இந்தச் சித்திரையில் தேன் பாட்டிலுக்குப் புதுச் சீட்டு அச்சடித்தேன். 'ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது' என்று கீழே ஒரு வரி. திண்ணையில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு பாட்டிலை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கட்டுக்கு என்னப்பா எழுதுவே?" என்றார்.

நாரால் கட்டிய கட்டுகள் கொட்டகையில் அடுக்கியிருந்தன, ஆறு. மறுநாள் காலையில் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. வியாபாரி ஒரு இலையை உருவி மோந்து பார்த்துவிட்டு, "கலப்பு இல்லையே?" என்று கேட்டார். அப்பா எப்போதும் சொல்லும் பதிலைச் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு, கை கழுவ வாளிப் பக்கம் போனார்.