ஈயத்தைக் குறை, தம்பி!

தம்பி, உன் தூண்டில் பெட்டியைத் திற. உள்ளே இருக்கும் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வை. 10 கிராம், 14 கிராம், 28 கிராம். 2 கிராமில் ஒன்றாவது இருக்கிறதா? இல்லை. ஏன் இல்லை தெரியுமா? தூரமாக எறிந்தால்தான் மீன் என்று நம்பிவிட்டாய். காலடியில் இருக்கும் தண்ணீரை நீ நம்பவில்லை. உன் கையையும் நம்பவில்லை.

நானும் அப்படித்தான் இருந்தேன். மும்பையில் செம்பூரிலிருந்து ட்ராம்பே கோலிவாடா படகுத்துறைக்குப் போய், செயற்கை இரையான ரப்பர் மீனில் கனமான ஈயத்தைக் கோத்து, தோள் வலிக்க வலிக்க எறிவேன். ஈயம் கல்லைப்போல் இறங்கிச் சேற்றில் புதையும். இல்லையென்றால் கண்டல் வேரில் மாட்டி நரம்பு அறும். மீன் இல்லாத இடம் என்று சொல்லிவிட்டு வீடு திரும்புவேன். மீன் இருந்தது. நான்தான் அதன் வாய்க்குள் எளிதில் போகாத ஒன்றைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தேன்.

மேல்நாட்டார் கொண்டாடும் பாஸ் மீனின் இடத்தில் நம் கழிமுகத்தில் இருப்பது கொடுவா. மராட்டியர் ஜிதாடா என்பார்கள். விலங்கியலில் இரண்டும் வேறு வேறு குடும்பம். இரை எடுக்கும் விதம் மட்டும் ஒன்று. கொடுவா முதலில் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயைச் சட்டென்று அகலத் திறக்கும். எதிரே உள்ள தண்ணீரும் அதில் மிதக்கும் இரையும் ஒரே இழுப்பில் உள்ளே போகும். 2 கிராம் ரப்பர் மீன் அந்த இழுப்போடு போய்விடும். 14 கிராம் கட்டியது பாதி வழியில் நின்றுவிடலாம். உன் கைக்கு ஒரு ‘டக்’ மட்டும் வந்து சேரும். "கடிச்சிட்டு விட்டுடுச்சு" என்று மீனைத் திட்டுவாய். பாவம், அது என்ன செய்யும்?

இன்னொன்றையும் பார். அடிபட்ட குஞ்சு மீன் எப்படி இறங்கும்? தடுமாறி, அசைந்து, நின்று, மறுபடி இறங்கும். அப்படி இறங்கும்போதுதான் பெரிய மீன் பாயும். எடை குறையக் குறைய அந்த இறக்கம் நீளும். மீனுக்கு நீ கொடுக்கும் நேரம் அது.

இந்த மென்மையான இரை பிறந்த கதையையும் கேள். 1949இல், அமெரிக்காவின் ஓஹியோ மாநிலம் ஆக்ரன் நகரில், நிக் கிரீம் என்பவரும் மனைவி கோஸ்மாவும் வீட்டுச் சமையலறையில் வினைல் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, மண்புழு வடிவ அச்சில் ஊற்றினார்கள். மென்மையான பிளாஸ்டிக் புழு அங்கே பிறந்தது. சமையலறையில்! தாராவியின் 13 காம்பவுண்ட் பிளாஸ்டிக் பட்டறைகள் பக்கம் வளர்ந்த உனக்கு உருகும் பிளாஸ்டிக்கின் வாசனை புதிதா, அச்சுதான் புதிதா? பெரிய தொழிற்கூடத்துக்காகவும் பெரிய முதலுக்காகவும் கிரீம் தம்பதி காத்திருக்கவில்லை. அந்தப் புழு வென்றதே அதன் மென்மையால்தான். அதை வாயில் எடுத்த மீன் உடனே துப்பாமல் ஒரு நொடி வைத்திருக்கும். அந்த மென்மையின் தலையில் பெரிய குண்டைக் கட்டி அதைக் கொல்கிறாயே!

கான்சாஸைச் சேர்ந்த மீன்பிடி எழுத்தாளர் நெட் கேடியின் பெயரில் இன்று ‘நெட் ரிக்’ என்ற முறையே இருக்கிறது. காளான் வடிவத் தலை. எடை பெரும்பாலும் ஒரு அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு. 1.8 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நம் ஒரு ரூபாய் நாணயத்தில் ஏறக்குறைய பாதி.

கான்சாஸ்வரை போவானேன்? திருநெல்வேலிக் குளத்தங்கரையில் விராலுக்குத் தவளையைக் கோத்து, அல்லி இலைமேல் தத்தவிட்ட கிழவர்களின் தூண்டிலில் ஈயமே கிடையாது. ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி இந்தத் தாராவிக்கு வந்தவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். நீ அவர்கள் பேரன்! அடுத்தவன் வைத்திருக்கும் விலையுயர்ந்த தடியைப் பார்த்து உனக்கு ஏன் கூச்சம்? ஈயம் குறைந்தால் காசும் குறைவு. கூடுதலாகக் கேட்பது பொறுமையைத்தான்; அது உன்னிடம் இருக்கிறது. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்று வளர்ந்தவனுக்குப் பொறுமையை யார் சொல்லித்தர வேண்டும்?

கண்ணை மூடிக்கொண்டு குறைக்கச் சொல்லவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மும்பைக் கடல் ஏறக்குறைய 4 மீட்டர் ஏறி இறங்கும். அந்த ஓட்டத்தில் 2 கிராம் நிற்காது, அடித்துக்கொண்டு போய்விடும். அப்போது 3.5 கிராம் போடு. போதாவிட்டால் 5, அதற்கும் மேலே 7. ஓட்டம் கேட்டால் ஏற்று. பயத்தில் ஒரு கிராம்கூட ஏற்றாதே. ஏற்றமும் வற்றமும் மாறும் இடையில் தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும்; அதுதான் உன் நேரம். தடித்த நரம்பில் 2 கிராம் பத்தடி தாண்டாது என்பதும் உண்மை. மெல்லிய பின்னல் நரம்பும் நுனி வளையும் தடியும் வேண்டும். எறிந்ததும் ரீலைச் சுற்றாதே. நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்தைப் பார். அது துள்ளினாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ, தரை தொடும் முன்பே தளர்ந்தாலோ, யோசிக்காமல் தடியைத் தூக்கு!

முதல் நாள் ஒன்றும் படாமல் போகலாம். பக்கத்தில் நிற்பவன் சிரிப்பான். சிரிக்கட்டும். நீ மறுபடி அதே 2 கிராமை எறி.

இந்த ஞாயிறு ஓதம் திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு படகுத்துறைக்கு வா. அந்தக் கனமான குண்டுகள் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.