தொட்டி மீனும் மென்சியஸின் மாடும்

ஹாங்காங்கில் விக்டோரியா துறைமுகத்தின் கிழக்கு வாயிலில் இருக்கிறது லெய் யூ முன். குறுகலான சந்து, இருபுறமும் மீன் தொட்டிகள், கால் வைக்கும் இடமெல்லாம் ஈரம். மீனைக் கடையில் உயிரோடு வாங்கிப் பக்கத்து உணவகத்தில் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். சமையல் கூலி தனி. ஒரு களவாவை நோக்கி விரலை நீட்டினால் போதும், கடைக்காரர் வலையால் கோரி, பையில் போட்டு, நம் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டுவார். மீன் வாலால் பையைப் படபடவென்று அடிக்கும். நாம் தலையசைத்ததும் தராசுக்குப் போகும். எடை கேட்டிக் கணக்கில். ஒரு கேட்டி 600 கிராமுக்குச் சற்றுக் கூட.

கொஞ்ச நேரத்தில் அதே மீன் தலையும் வாலுமாக நீளத்தட்டில் வரும். மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் நூல்நூலாக நறுக்கிக் கிடக்கும். அதன்மேல் புகையக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றி, சோயா சாஸ் விட்டிருப்பார்கள். சதை முள்ளைவிட்டு அப்போதுதான் கழன்றிருக்க வேண்டும். ஒரு நிமிடம் கூடினாலும் கான்டனீஸ்காரர் முகம் சுளிப்பார். முன்பே செத்த மீனை இப்படி ஆவியில் வைக்க அவருக்கு மனம் வராது.

நான் மீன் தின்பவன்தான். ஆனாலும் அந்தத் தலையசைப்பு என்னை உறுத்துகிறது. கொன்றது யார், கத்தி பிடித்தவரா நானா?

புத்தர் தம் பிக்குகளுக்கு இதில் ஒரு வரையறை வைத்தார். தனக்காகக் கொல்லப்பட்டதைக் கண்ணால் கண்டிருக்கக் கூடாது, காதால் கேட்டிருக்கக் கூடாது, அப்படியிருக்குமோ என்ற ஐயமும் கூடாது. அப்படியானால் பிச்சையில் விழுந்த இறைச்சியை உண்ணலாம். லெய் யூ முன்னில் மூன்றுமே முதல் நிமிடத்தில் அடிபட்டுப் போகின்றன. சீனத்துப் பிக்குகள் பிற்காலத்தில் இந்தச் சலுகையே வேண்டாமென்று மரக்கறிக்கு மாறினார்கள். இன்றும் சந்திர மாதத்தின் 1, 15 தேதிகளில், நம் அமாவாசை விரதம்போல, ஹாங்காங்கில் பலர் கறிமீன் தொடுவதில்லை.

கன்பூசியஸ் வழிவந்த மென்சியஸ் சொல்லும் கதை வேறு மாதிரி. ச்சி நாட்டு மன்னர் ஷுவான், பலிக்குப் போகும் மாடு நடுங்குவதைப் பார்த்துவிடுகிறார். அதை விட்டுவிட்டு ஓர் ஆட்டைக் கொல்லச் சொல்கிறார். மன்னர் கஞ்சர், அதனால்தான் பெரியதை விட்டுச் சிறியதைப் பிடித்தார் என்றார்கள் ஊரார். மென்சியஸ் மன்னர் பக்கம் நின்றார். மாட்டைக் கண்டீர், ஆட்டைக் காணவில்லை, உம்மிடம் இருப்பது கருணைதான் என்றார். அதனால்தான் சான்றோர் அடுக்களையிலிருந்து தள்ளி இருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கருணை கண்வழியாகத்தான் பிறக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு அந்தக் கண்ணை அடுக்களைப் பக்கம் போகாமல் காப்பது கருணையைக் காப்பதா, சாப்பாட்டைக் காப்பதா? ஆட்டுக்கு அதில் என்ன லாபம்? சூப்பர் மார்க்கெட்டில் தோல் உரித்து, பிளாஸ்டிக் சுற்றி, முகமே இல்லாமல் கிடக்கும் மீன் துண்டு மென்சியஸின் அறிவுரையை அப்படியே நிறைவேற்றுகிறது. அதைவிட இந்த ஈரச்சந்து யோக்கியமானது என்பது என் கட்சி. இங்கே மீனுக்கு முகம் உண்டு, வாங்குபவருக்குச் சாட்சி உண்டு.

என் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அம்மையார் இதை ஏற்கமாட்டார். அவர் நல்ல நாள் பார்த்து மீன் சந்தைக்குப் போவார். சாகப்போகும் மீனை உயிரோடு வாங்கி, மந்திரம் சொல்லி, கடலில் விடுவார். பௌத்தத்தில் அது பெரிய புண்ணியம். நான் தின்ன வாங்கும் அதே தொட்டியில் அவர் விடுவிக்க வாங்குகிறார். விலை இருவருக்கும் ஒன்றுதான். விவரம் தெரியாமல் நன்னீர் மீனைக் கடலில் விட்டுச் சாகடிப்பவர்களும் உண்டு. இவருக்கு அந்த விவரம் தெரியும்.

திருவள்ளுவர் புலால் மறுத்தலில் ஒரு வணிகக் கணக்குப் போடுகிறார்: தின்பதற்கு ஆள் இல்லையென்றால் விற்பதற்கும் ஆள் இல்லை. ஆனால் காசு எதற்காக வந்தது என்று கல்லாப்பெட்டிக்குத் தெரியாதே. காலியான இடத்தில் மறுநாள் வேறொரு களவா நீந்தும். இதை அந்த அம்மையாரிடம் சொன்னேன். “நாளைக்கு வரும் மீன் என் முன்னால் இல்லையே, இது இருக்கிறதே” என்றார். மென்சியஸின் மன்னர் பேசியதுபோலவே இருந்தது. ஒரு வித்தியாசம்: மன்னர் மாட்டுக்குப் பதில் ஆட்டைக் கேட்டார், இவர் பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. அங்கே என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

லெய் யூ முன் கரையோரத்திலேயே டின் ஹாவ் கோயில் இருக்கிறது. மீனவரைக் கடலில் காப்பவள் அவள். வலை நிறையவும் படகு கவிழாமலும் அவளிடம்தான் வேண்டுகிறார்கள். அவள் பிறந்தநாளுக்கு முழுப்பன்றியை வாட்டிப் படைக்கிறார்கள். மீன் தரப்பு வேண்டுதலை அவள் கேட்பாளா என்று யாரும் விசாரிப்பதில்லை. மீன்பிடித்து வாழும் ஊரின் தெய்வத்திடம் அதைக் கேட்பதும் சரியில்லை.

நான் இன்னும் அங்கே போகிறேன். கடைக்காரர் பையைத் தூக்கும்போது பார்வையைத் திருப்புவதில்லை என்று ஒரு பிடிவாதம். அதனால் மீனுக்கு எந்த நன்மையும் இல்லை, தெரியும். என் மனைவி மட்டும் சரியாக அந்த நேரத்தில் உணவகத்துக்குள் போய், நல்ல மேசை பிடிக்கவேண்டும் என்பாள். அவள் மென்சியஸ் கட்சி. மீனில் கன்னத்துச் சதை அவளுக்குத்தான் வேண்டும்.