பொதுநிலத்தில் ஒரு நாடா: வேட்டையாளரின் அறக்கடன் பற்றிய ஒரு நோக்கு

தனக்கு உரிய நிலத்தில் ஒருவன் விட்டுச்செல்லும் பொருளை மறுநாள் எதிர்கொள்பவன் அவனே. எல்லோருக்கும் உரிய நிலத்தில் நிலைமை வேறு. அங்கு விட்டுச்செல்பவன் ஒருவன், எதிர்கொள்பவன் இன்னொருவன். பொதுநிலம் தொடர்பான ஒழுக்கப் பிரச்சினைகள் பலவற்றுக்கு இவ்வேறுபாடே மூலமாக அமைகின்றது. பெருங்குற்றங்களிலும் பார்க்க, அற்பமானவை எனத் தோன்றும் செயல்களிலேயே இதன் இயல்பு தெளிவாகப் புலப்படும். ஐக்கிய அமெரிக்காவின் பொது வேட்டை நிலங்களில் வேட்டையாளர் மரக்கிளைகளிற் கட்டிவிட்டுச் செல்லும் அடையாள நாடா அத்தகைய ஒன்றாகும்.

ஐரோப்பாவின் பல பகுதிகளில் வேட்டை என்பது நெடுங்காலம் மன்னருக்கும் நிலப்பிரபுக்களுக்கும் உரிய சலுகையாக இருந்துவந்தது. அமெரிக்காவிலோ, காட்டு விலங்கு எந்தத் தனியாளின் உடைமையும் அன்று, மக்களின் சார்பில் அரசு பேணிக்காக்கும் பொருள் என்னும் கொள்கை வேரூன்றியது. அந்நாட்டின் தேசிய வனங்கள் மட்டும் ஏறத்தாழ 193 மில்லியன் ஏக்கர் பரப்புடையன. அவற்றின் பெரும்பகுதியில், உரிய மாநிலத்தின் அனுமதிப்பத்திரம் பெற்ற எவரும் பருவகாலத்தில் வேட்டையாடலாம். ஒரு துண்டுக் காணியும் இல்லாத தொழிலாளியும் பெருஞ்செல்வனும் ஒரே காட்டினுள் ஒரே உரிமையோடு நுழைகின்றனர். இவ்வுரிமை அரியது, அரியது என்பதனாலேயே அதனைத் துய்ப்போரின் கடமையும் ஆராயத்தக்கது.

நாடாவின் பயன் யாது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். செம்மஞ்சள், இளஞ்சிவப்பு முதலிய கண்ணைப் பறிக்கும் நிறங்களில் அமைந்த இந்தப் பிளாஸ்ரிக் நாடா பசையற்றது. சுருளிலிருந்து கிழித்துக் கிளையில் முடிந்துவிடக் கூடியது. விடியுமுன் இருளில் தன் பரணை அடைய விரும்பும் வேட்டையாளன் அதனை வழிநெடுகக் கட்டிவைக்கின்றான். இதனினும் முக்கியமான பயன் வேறொன்று உண்டு. அம்பு பட்ட மான் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே வீழ்வதில்லை. அடர்ந்த புதர்களினூடே ஓடி மறைகின்றது. வேட்டையாளன் சிறிது நேரம் பொறுத்திருந்து, இலைகளிலும் புற்களிலும் சிந்தியுள்ள குருதித் துளிகளைப் பின்தொடர்கின்றான். துளி கண்ட இடந்தோறும் ஒரு நாடா கட்டுகின்றான். துளிகள் அற்றுப்போகும்போது திரும்பி நோக்கினால், நாடாக்களின் வரிசை விலங்கு சென்ற திசையை உணர்த்தும். அடிபட்ட விலங்கைத் தேடிக் கண்டடைவது வேட்டையறத்தின் முதற்கடன். எனவே, நாடா கட்டுதலே தவறு எனத் தொடக்கத்தில் முடிவுகட்டுதல் பொருந்தாது. சில வேளைகளில் அது கடமையின் கருவியாகவும் அமைகின்றது.

பிரச்சினை கட்டுவதில் அன்று, அவிழ்க்காமையிலேயே தோன்றுகின்றது. மிச்சிகன் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் வழமையான பருவம் நவம்பர் 15ஆந் திகதி தொடங்கி 30ஆந் திகதி முடிவுறும். பருவம் முடிகின்றது, வேட்டையாளர் வீடு திரும்புகின்றனர், நாடாக்கள் நின்றுவிடுகின்றன. அவை மரத்தின் இலைபோல் உதிர்ந்து மண்ணாவதில்லை. நிறம் மங்கி, நைந்து, துண்டுகளாகிக் காட்டிலேயே தங்கிவிடுகின்றன. அடுத்த ஆண்டு வருபவன் அவற்றின் அருகே தன் நாடாவையும் கட்டுகின்றான்.

ஒரு சாண் நாடா காட்டுக்கு என்ன தீங்கு செய்துவிடும் என வினவுவோர் உளர். குப்பை என்ற வகையில் மட்டும் நோக்கினால் தீங்கு சிறிதே. ஆயின், நாடா வெறுங் குப்பை அன்று. அது ஒரு குறி. குறியானது காண்போனுக்கு ஏதோ ஒன்றைச் சொல்கின்றது. கைவிடப்பட்ட நாடா சொல்வது இரு வகையிற் பிழையாகின்றது.

முதலாவதாக, அது இல்லாத உரிமையொன்றைச் சொல்கின்றது. பரணைச் சூழ நாடாக்கள் தொங்கும் இடத்தைக் காணும் புதியவன், இவ்விடம் ஒருவனுக்கு உரியது எனக் கருதி விலகிச்செல்லக் கூடும். ஆனால் பொதுநிலத்தில் இவ்வாறு இடம்பிடிக்க எவருக்கும் உரிமையில்லை. 1805ஆம் ஆண்டு நியூயோர்க் நீதிமன்றமொன்று தீர்த்த பியர்சன் எதிர் போஸ்ட் என்னும் வழக்கு இங்கு நினைவுகூரத்தக்கது. உரிமையாளரற்ற தரிசு நிலத்தில் போஸ்ட் தன் நாய்களோடு துரத்திவந்த நரியை, அவன் கண்முன்னே பியர்சன் கொன்று எடுத்துக்கொண்டான். துரத்துதல் மட்டும் விலங்கின்மீது உடைமையைத் தராது என்பதே பெரும்பான்மை நீதிபதிகளின் முடிபு. உயிர் பதைக்கத் துரத்தியவனுக்கே உரிமை பிறவாதெனின், நாடா கட்டிவிட்டு வீட்டில் உறங்குபவனுக்கு நிலத்தின்மீது உரிமை பிறப்பது எங்ஙனம்? மிச்சிகனிற் பொதுநிலத்துப் பரணில் உரியவரின் பெயரோ அடையாள எண்ணோ பொறிக்கப்படுதல் வேண்டும் என்பது விதி. அவ்வாறு பொறித்த பெயரும் அப்பரணைத் தனியே பயன்படுத்தும் உரிமையை உறுதிசெய்வதில்லை. பெயர் தராத உரிமையைப் பெயரற்ற நாடா தந்துவிடாது.

இரண்டாவதும் ஆழமானதுமான பிழை, அது குறிகளின் நம்பகத்தையே அழிக்கின்றது என்பதாம். ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், திருப்பித் தரும் எண்ணமின்றி வாக்களித்துக் கடன் பெறுபவனை எடுத்துக்காட்டுகின்றார். எல்லோரும் அவ்வாறு செய்வாராயின் வாக்குறுதியை எவரும் நம்பார். வாக்குறுதி என்னும் வழக்கமே இல்லாதொழியும். நாடாவின் நிலையும் இதுவே. பயன் முடிந்த நாடாவை விட்டுச்செல்லலாம் என்பதை எல்லோரும் விதியாகக் கொண்டால், ஒவ்வொரு கிளையிலும் நாடா தொங்கும். எங்கும் நாடா இருக்குமிடத்து எந்த நாடாவும் வழி காட்டாது. குறியானது குறியற்ற வெளியை வேண்டி நிற்பது. அந்த வெளியை முன்னே வந்தோர் தனக்கு விட்டுவைத்தமையாலேயே ஒருவனால் தன் குறியை இட முடிந்தது. பின்னே வருவோருக்கு அதனை விட்டுவைக்காது போகின்றவன், தான் பெற்றதைத் திருப்பித் தராத கடன்காரனே. பொதுநிலத்திற் பொதுவாயிருப்பது மண்ணும் மரமும் மட்டுமன்று. குறியிடும் வாய்ப்பும் பொதுவே.

இதன் விளைவைச் சுமப்பவன் கண்டெடுப்பவன். அந்திவேளையில் ஒருவன் கிளையில் ஒரு நாடாவைக் காண்கின்றான் எனக் கொள்வோம். அது சென்ற ஆண்டின் குப்பையாக இருக்கலாம். அன்றிக் காலையில் குருதி கடைசியாகக் காணப்பட்ட இடத்தைக் குறித்துவிட்டு, துணைக்கு ஆளை அழைத்துவரச் சென்றவனின் நாடாவாகவும் இருக்கலாம். அதனை அவிழ்த்தால், காயமுற்ற மான் எவர்க்கும் பயன்படாது எங்கோ அழியும். இருளில் திரும்பிவர ஒருவன் நம்பியிருக்கும் வழிக்குறியாகவும் அது இருக்கலாம். வன அதிகாரிகளோ நில அளவையாளரோ கட்டிய எல்லைக்குறியாகவும் இருக்கலாம். அவிழ்த்தாலும் தவறாகலாம், விட்டாலும் தவறாகலாம். இந்த ஐயத்தை உண்டாக்கியவன் அவன் அல்லன். கட்டியவன் தன் கடமையை முன்பின் அறியாத ஒருவனின் மனச்சாட்சிமீது ஏற்றிவிட்டுப் போயிருக்கின்றான்.

கண்டெடுப்பவன் யாது செய்தல் தகும்? பருவகாலத்திற் புதிய நாடாவை ஐயத்தின் பயனளித்து விட்டுவைத்தலும், பருவம் முடிந்தபின் நிறம் மங்கியதைத் தானே அகற்றுதலும், அலுவலர் இட்ட குறிகளைத் தொடாது விடுதலும் நேர்மையான வழி எனலாம். தூய்மைப்படுத்தல் என்ற பெயரால் போட்டியாளனின் வழிக்குறியைக் குலைத்தலும் இடம்மாற்றிக் கட்டுதலும் வேறுவகைச் செயல்கள். நாடா கட்டியவன் எதிரே வந்து நின்றால் அவன் முகம் பார்த்துத் தன் செயலைச் சொல்ல இயலுமா என ஒவ்வொருவரும் தம்மை வினவிக்கொள்ளின், இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடு புலனாகும்.

வேட்டையாளர் சார்பில் எழும் வாதமொன்றையும் கருதவேண்டும். 1937ஆம் ஆண்டின் பிற்மன் - றொபேட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிகள்மீதும் தோட்டாக்கள்மீதும் விதிக்கப்படும் 11 சதவீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செல்கின்றது. அனுமதிப்பத்திரக் கட்டணமும் அவ்வாறே பயன்படுகின்றது. காட்டைக் காப்பதற்குப் பணம் தருபவர் நாமே என வேட்டையாளர் கூறுவது உண்மை. ஆயின், பணம் பொதுநிலத்தில் நுழையும் உரிமையை உறுதிப்படுத்துமேயன்றி, பின்வருவோன்மீது சுமையேற்றும் உரிமையை வழங்காது. பொதுக்கிணற்றைத் தூர்வாரப் பணம் தந்தவனுக்கும் அதிற் குப்பை கொட்ட அனுமதியில்லை.

இதனைச் சட்டத்தால் மட்டும் சீர்செய்தல் அரிது. தேசிய வனங்களிற் குப்பை விடுதலைத் தடுக்கும் விதிகள் உள்ளன. எனினும் காட்டின் நடுவே ஒரு முடிச்சைக் கண்காணிப்பவர் எவர்? வேட்டையாளனின் செயலைப் பாராட்டவோ பழிக்கவோ பார்வையாளர் கூட்டம் இல்லை என்பதை அல்டோ லியோபோல்ட் 1949இல் வெளியான தமது நூலிற் சுட்டிக்காட்டினார். பொதுவளங்கள் பயன்படுத்துவோரின் தன்னலத்தால் அழிந்தே தீரும் என 1968இல் கரற் ஹார்டின் வாதிட்டார். பயன்படுத்துவோர் தாமே விதி வகுத்துப் பொதுவளங்களை நெடுங்காலம் பேணிய சமூகங்கள் உண்டென 1990இல் எலினோர் ஒஸ்ரம் எடுத்துக்காட்டினார். நாடாவைப் பொறுத்தவரை அத்தகைய விதிகள் கடினமானவை அல்ல. குருதித் தடத்திற்கு மழையிற் கரையும் மெல்லிய கடதாசியைப் பயன்படுத்தலாம். நாடாவில் திகதி எழுதலாம். வழிக்குத் திசைகாட்டியையும் வரைபடத்தையும் நம்பலாம். கட்டிய முடிச்சுகளை எண்ணிவைத்துத் திரும்புகையில் அவிழ்க்கலாம்.

ஆகவே, பொதுநிலத்தில் நாடா கட்டுவது, திரும்பிவந்து அவிழ்ப்பேன் என்று சாட்சியின்றி அளிக்கும் வாக்குறுதியாகும். அவ்வாக்குறுதி யாருக்கு அளிக்கப்படுகின்றதோ அவர் இன்னும் அங்கு வரவில்லை. ஒருவேளை கட்டியவன் அவரைக் காணவே போவதில்லை. காணாத ஒருவருக்கு அளித்த வாக்கைக் காப்பவனே பொதுநிலத்தைத் துய்க்கும் தகுதியுடையவன் எனலாம்.