கல்விக் கடனும் நம் பேரேடும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கடன் இன்னதென்று நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கிட்டங்கியில் சரக்கெடுப்பதும், தவணை சொல்வதும், தவணை தவறியவன் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போவதும் நாம் நாள்தோறும் காண்பவையே. ஆயினும் படிப்புக்காக நம் பிள்ளைகள் படும் கடனை மட்டும் நமது பேரேட்டுக்கு வெளியே வைத்துவிட்டோம். அது அரசாங்கத்தின் பாடு, பெற்றோரின் பாடு என்று இருந்துவிட்டோம்.

நிலைமை யாதெனப் பார்ப்போம். மலேசியாவில் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைக்குச் செலவு ஓரளவு தாங்கக்கூடியதே. இடம் கிடைக்காத பிள்ளை தனியார் பல்கலைக்கழகத்தின் வாசலுக்குப் போகிறது. அங்கே மருத்துவம் படித்து முடிக்கப் பல லட்சம் வெள்ளி வேண்டும். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட பி.டி.பி.டி.என். என்னும் உயர்கல்வி நிதி கடன் கொடுக்கிறது. பின்னாளில் ஷரீஅத்துக்கு இசைய, ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா, அதாவது சேவைக் கூலி, என்றும் அது முறைப்படுத்தப்பட்டது. நல்லதே. ஆனால் அக்கடனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பல்கலைக்கழகக் கட்டணத்துக்கோ அப்படியொரு வரம்பு இல்லை. சிங்கப்பூரில் அரசு மானியம் போக எஞ்சும் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கடன் கிடைக்கும். படிக்குங்காலத்தில் வட்டியில்லை, படிப்பு முடிந்தபின் வட்டி ஏறத் தொடங்கும். அந்த வட்டிக்கு அஞ்சியே கையெழுத்திடத் தயங்கும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. அவர்கள் தயக்கத்தைப் பேதைமை என்று நாம் தள்ளிவிடலாகாது.

இன்னொன்றும் இருக்கிறது. சேர்க்கைப் பணம், விடுதி முன்பணம், மடிக்கணினி, முதல் மாதச் சாப்பாடு இவையெல்லாம் கடன் பணம் கைக்கு வருமுன்னரே கட்டவேண்டியவை. சில ஆயிரம் வெள்ளிதான். நம்மில் பலர் ஒரு நாள் வியாபாரத்தில் புரட்டும் தொகை. இந்தச் சில வாரத்து இடைவெளியில்தான் தாயின் வளையல் அடகுக்கடைக்குப் போகிறது. வளையலும் இல்லாத வீட்டில் ஆலோங் வந்து உட்காருகிறான்.

பெருமக்களே! பத்ருப் போரில் சிறைப்பட்ட குறைஷியரிடம் நாயகம் (ஸல்) அவர்கள் மீட்புப் பணம் பெற்றார்கள். பணமில்லாமல் எழுத்தறிவு மட்டும் உடையவர், மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் அதுவே மீட்புத் தொகை என்று ஏற்கப்பட்டது. கஜானாவில் காசில்லாத காலம் அது. ஒவ்வொரு திர்ஹமும் தேவைப்பட்ட நேரம். அப்பொழுதும் பத்துப் பிள்ளைகளின் எழுத்துப் பணத்துக்கு ஈடாக நிறுக்கப்பட்டது.

அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம், சில தீனார் கடனை விட்டு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழுகை நடத்தாமல் ஒதுங்கி நின்றார்கள். “அக்கடன் என் பொறுப்பு” என்று அபூ கதாதா (ரலி) அவர்கள் முன்வந்த பின்னரே தொழவைத்தார்கள். நாம் இதை ஓதும்போதெல்லாம் கடன்பட்டவனை எச்சரிக்கவே பயன்படுத்துகிறோம். எச்சரிக்கை உண்டுதான். அரசுக் கடன்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று சம்பளம் வாங்கியும் தவணை கட்டாமலிருக்கும் பட்டதாரிகளுக்கு அது பொருந்தும். அவர்கள் கட்டும் பணத்திலிருந்துதான் அடுத்த பிள்ளைக்குக் கடன் போகவேண்டும். ஆனால் அந்தச் சபையில் அபூ கதாதாவும் இருந்தார்களே! அந்த இடத்தில் நம்மை நிறுத்திப் பார்க்க நமக்கு ஏன் தோன்றுவதில்லை?

திருமறை, கடன்பட்டவர் நெருக்கடியிலிருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்கிறது; தர்மமாக விட்டுவிடுதல் அதனினும் மேல் என்கிறது. ஜகாத்துக்குரிய எட்டு வகையாருள் கடனாளிகளையும் சேர்த்திருக்கிறது.

இங்கே வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “வராத கடனைத் தள்ளிவிட்டு அதையே ஜகாத்தாக எழுதிக்கொள்ளலாமா?” பெரும்பாலான இமாம்கள் இதை ஒப்பவில்லை. ஜகாத் கையில் கொடுக்கப்படவேண்டும், கொடுக்கும்போது நிய்யத்தும் வேண்டும். தகுதியுள்ள கடனாளிக்கு நிபந்தனையின்றி ஜகாத்தைக் கொடுத்து, அவர் தாமாகவே அதில் நம் கடனைத் தீர்த்தால் குற்றமில்லை. வராத பாக்கியை அல்லாஹ்வின் கணக்கில் ஏற்றப் பார்ப்பது வியாபாரத்தில் கெட்டிக்காரத்தனமாக இருக்கலாம், ஜகாத்தில் செல்லாது.

நம் முன்னோருக்கு இது புதிதன்று. அல்-அஸ்ஹரில் பயின்ற ஏழை மாணவருக்கு ரொட்டியும் தங்குமிடமும் வக்ஃபு வருமானத்திலிருந்து வந்தன. நம்மில் பலருடைய பூர்வீகமான தமிழகத்தை எடுத்துக்கொண்டால், திருச்சியில் 1951-இல் ஜமால் முகம்மது கல்லூரியைத் தோற்றுவித்த ஜமால் முகம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் வணிகர்களே. நாம் கல்லூரி கட்டவேண்டாம். அந்தச் சில வார இடைவெளியை அடைத்தால் போதும்.

அதற்குச் சங்கத்தில் ஒரு கைமாற்று நிதி வைக்கலாம். வட்டியில்லாக் கர்ளு ஹஸனாக, சேர்க்கைக் கடிதத்தைக் கண்டதும் கொடுத்து, அரசுக் கடன் வந்ததும் திரும்பப் பெறுவது. ரமலானில் கடை வாசலில் சில்லறையாகக் கொடுக்கும் சதக்காவில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பலாம். ஜகாத் பணத்தைக் கலக்கக்கூடாது. அது கடனாகக் கொடுப்பதற்குரியதன்று, தனிக்கணக்காகத் தகுதியுள்ள பிள்ளைக்கே சொந்தமாக்க வேண்டும். கேட்டுவரும் தகப்பனைக் கமிட்டியார் அத்தனை பேர் முன்னும் நிறுத்தி விசாரிக்கவேண்டாம். இருவர் விசாரித்தால் போதும், பெயர் இந்த ஏட்டில் வராது.

கொடுப்பதைத் திருமறை சொன்னபடி எழுத்தில் வையுங்கள், சாட்சியும் இருக்கட்டும். பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்க இயலாமற்போய்த் தள்ளிவிட நேர்ந்தால், அதையும் அதே ஏட்டில் ‘பற்றுத் தீர்ந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் ஒரு படி கொடுத்துவிடுங்கள். பின்னாளில் நிர்வாகம் மாறினால் யாரும் பழைய சிட்டையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகமாட்டார்கள்.