அவித்தை என்பது வெறும் அறியாமையா?

வேதாந்த நூல்களை ஆங்கிலத்தில் பயிலும் அன்பர்கள் 'நெசியன்ஸ்' என்னும் சொல்லை அடிக்கடி காண்பர். 'இல்லை' எனப் பொருள்படும் 'நெ', 'அறிதல்' எனப் பொருள்படும் 'ஸ்கீரே' ஆகிய லத்தீன் கூறுகளிலிருந்து அது பிறந்தது. 'சயின்ஸ்' என்பதற்கும் 'ஸ்கீரே'யே மூலம். சங்கரரின் பிரம்மசூத்திர பாஷ்யத்தை மொழிபெயர்த்த (1890, 1896) ஜார்ஜ் திபோ, 'அவித்யா' என்பதற்கு இச்சொல்லையே ஆண்டார்.

ஆயினும் அது பாதிப் பொருளையே தருகிறது. அறிவின் குறையை நூல்களைக் கற்று நிரப்பலாம். அவித்தையோ உள்ளதை மறைத்து, இல்லாததைக் காட்டுவது. மங்கிய ஒளியில் கயிற்றை அறியாதிருப்பது மட்டுமன்று, அதனைப் பாம்பென்று கண்டு நடுங்குவதும் அவித்தையே. மறைப்பதை ஆவரணம் என்றும், வேறொன்றாகத் தோற்றுவிப்பதை விக்ஷேபம் என்றும் ஆசாரியர்கள் கூறுவர். உடலின் தன்மைகளை ஆன்மாவின்மீது ஏற்றிக் காண்பதைச் சங்கரர் அத்யாஸம் என்றார்.

இதன் விபரீத விளைவைத் திருவிதாங்கூர் கண்டது. எல்லா உயிர்களிலும் ஒரே பிரம்மம் உறைகிறது என்று கற்ற பண்டிதர்கள் அங்கே இருந்தனர். எனினும் கோடிக்கணக்கான உயிர்களில் ஒன்றாகப் பிறந்த மனிதனே அருகில் வந்தால் தீட்டு என விலக்கப்பட்டான். கோயில் வாயில்கள் அவனுக்கு அடைபட்டிருந்தன. அங்கே குறைந்தது கல்வியன்று. மனிதன் என்னும் கயிற்றின்மீது பிறப்பு என்னும் பாம்பு ஏற்றப்பட்டிருந்தது.

திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் தோன்றிய ஸ்ரீநாராயண குரு, 1888-இல் அருவிப்புரத்தில் சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தார். அவ்வுரிமை பிறப்பால் வருவதன்று என்பதை அச்செயலே உணர்த்திற்று. பின்னர் 'தர்சனமாலா' என்னும் சம்ஸ்கிருத நூலில் மாயையின் கூறுகளுள் ஒன்றாக அவித்தையை விளக்கினார். 1892 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் பேராசிரியர் சுந்தரராம ஐயரின் இல்லத்தில் தங்கிய சுவாமி விவேகானந்தரும், மலையாள நாட்டின் சாதிக் கொடுமையைப் பிற்காலச் சொற்பொழிவுகளில் கடுமையாகக் கண்டித்தார். 1936 நவம்பர் 12-இல் மகாராஜா ஸ்ரீசித்திரைத் திருநாளின் பிரகடனம் கோயில் வாயில்களைத் திறந்தது.

கதவைத் திறக்க ஆணை போதும். கண்ணைத் திறக்க விவேகம் வேண்டும். விளக்கு வந்ததும் பாம்பு எங்கும் ஓடிப்போவதில்லை. அது அங்கே இருந்ததே இல்லை என்பது விளங்குகிறது. ஒருவரைக் கண்டவுடன் அவரது குலமும் செல்வமும் நம் மனத்தில் முந்திக்கொண்டு எழுமாயின், எத்தனை நூல் கற்றிருப்பினும் விளக்கு இன்னும் ஏற்றப்படவில்லை. கற்றதை அன்றாடம் அந்த ஒரு கணத்தில் சோதித்துப் பார்ப்பதே சாதகனின் கடமை.