முதுகு முன்னே, வாய் பின்னே

தாடி மயிரைவிடச் சவர பிளேடின் எஃகு ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. ஆனாலும் நாளாக ஆக மழுங்குவது பிளேடுதான். இந்த விந்தைக்கு 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் விளக்கம் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் தானே சவரம் செய்துகொண்டு, அந்த பிளேடை அவ்வப்போது எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விளிம்பு முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அவர் கண்டதோ அங்கங்கே பெயர்ந்திருந்த நுண்ணிய சில்லுகள். முடி சாய்வாக வந்து மோதி, மோதிய இடத்தில் எஃகின் உள்ளமைப்பும் ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் இளக்கம் என்று சீரற்று இருந்தால், அங்கே சில்லு தெறிக்கிறது. எஃகை வீழ்த்துவது முடியின் பலம் இல்லை; எஃகுக்குள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வு.

பழைய மடக்குச் சவரக்கத்தியைக் கையாள்பவர்கள் விளிம்பு எளிதில் கெடும் என்பதை நுண்ணோக்கி இல்லாமலே அறிந்தவர்கள். அதனால்தான் ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் கத்தியைத் தோல்வாரில் இழுக்கிறார்கள். கல்லில் தீட்டுவது வேறு, வாரில் இழுப்பது வேறு. கல் எஃகைத் தின்று புதிய விளிம்பை உண்டாக்கும். நன்றாகப் பேணினால் மாதக்கணக்கில் கல்லைத் தேட வேண்டியதில்லை. வெறுந்தோல் எஃகை அரிப்பது மிகக் குறைவு. சாய்ந்த விளிம்பை நிமிர்த்தி, மெருகேற்றி விடுவதே அதன் வேலை. கான்வாஸ் பட்டையில் 20, 30 இழுப்பு, பிறகு தோலில் 50, 60 என்பது பலரும் கைக்கொள்ளும் கணக்கு.

இந்தக் கத்தியின் அமைப்பில் ஓர் அழகு உண்டு. தடித்த முதுகும் மெல்லிய வாயும் ஒரே நேரத்தில் தோலில் படியும்படி அதைப் படுக்க வைத்தால் போதும், கோணம் தானாக அமைந்துவிடும். முதுகின் தடிமனையும் அலகின் அகலத்தையும் வைத்துச் செய்தவரே அதைத் தீர்மானித்துவிட்டார். கை அதில் தலையிட ஒன்றுமில்லை. கல்லில் வாய் முன்னே போகும். தோலில் முதுகு முன்னே போக, வாய் பின்னே வரும். மாற்றி இழுத்தால் தோல் அறுபடும்.

எனவே வாரில் கை பழகுவது என்பது பெரும்பாலும் ஒவ்வொன்றாக விட்டுவிடுவதுதான். முதலில் விட வேண்டியது அழுத்தம். அழுத்தினால் தோல் குழிந்து விளிம்பைச் சுற்றிக்கொள்ளும். கூராக வேண்டியது உருண்டு போகும். வார் தொய்ந்திருந்தாலும் அதே கதி. அதனால் வாரை விறைப்பாகப் பிடித்து, கத்தியை அதன் எடையோடு விட்டால் போதும். வார் அலகின் நீளத்தைவிடக் குறுகலாக இருந்தால், குதியிலிருந்து நுனிவரை எல்லா இடமும் தோலில் படும்படி சற்றுக் குறுக்காக இழுக்க வேண்டும். அடுத்து விட வேண்டியது வேகம். தேர்ந்த நாவிதர் இழுக்கும்போது எழும் அந்தப் ‘பட், பட்’ ஓசையில் மயங்கி, கற்றுக்கொள்பவர் முதலில் ஓசையைத்தான் பழகுகிறார். ஓசை தேர்ச்சிக்குப் பின்னால் வருவது. முன்னால் வந்தால் வாருக்குத்தான் கேடு.

கேடு எங்கே நேர்கிறது என்று பார்ப்போம். புதிதாகப் பழகுபவரின் வாரில் வெட்டுகள் நடுவில் அதிகம் இருக்காது. இரு முனைகளை ஒட்டியே இருக்கும். கத்தி நேராக ஓடும்போது பிழை குறைவு. திரும்பும்போதுதான் பிழை.

முறையாகத் திருப்புவதைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். இழுப்பு முடிந்ததும் கை நிற்கிறது. முதுகு தோலைவிட்டு எழுவதில்லை. அலகையும் பிடியையும் இணைக்கும் குறுகிய தண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே உருள்கிறது, மணிக்கட்டு அசைவதில்லை. வாய் மேலெழுந்து, முதுகைத் தாண்டி, மறுபக்கம் வந்து படிகிறது. படிந்த பிறகே அடுத்த இழுப்பு. இதில் பிசகுவது இமைப்பொழுது. ஓர் இழுப்பு முடியும் முன்பே விரல் திரும்பத் தொடங்கும். அல்லது வாய் படியும் முன்பே கை அடுத்ததை இழுக்கும். தீட்டிய மரத்திலேயே கூர் பார்ப்பது என்பார்களே, அது அங்கே கண்ணெதிரே நடந்துவிடும்.

நம் நாட்களும் ஓட்டத்தில் அதிகம் கெடுவதில்லை. ஒரு வகுப்பில் கோபப்பட்ட ஆசிரியர், அந்தக் கோபம் அடங்கும் முன்பே அடுத்த வகுப்புக்குள் நுழைகிறார். சம்பந்தமே இல்லாத ஒரு பிள்ளை அதை வாங்கிக்கொள்கிறது. அலுவலகத்தில் எதிராளியிடம் பேச வேண்டியிருந்த குரலோடு ஒருவர் வீட்டுக் கதவைத் திறக்கிறார். காபி ஏன் ஆறியிருக்கிறது என்ற கேள்வியில் அது வெளிப்படுகிறது. வேலையும் பிழையில்லை, வீடும் பிழையில்லை. இரண்டுக்கும் நடுவே நின்று திரும்ப ஒரு கணம் இருந்தது. அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

1903இல் கில்லெட் நிறுவனத்தின் ரேசர் விற்பனைக்கு வந்தபோது அது தந்த பெரிய வாக்குறுதியே இனி தீட்ட வேண்டாம் என்பதுதான். மழுங்கினால் தூக்கிப் போடு, புதிதை மாட்டு. இன்று நம்மூர் சலூன்களிலும் ஆளுக்கொரு பாதி பிளேடு. நோய் தொற்றாமலிருக்க அதுவே சரி. ஆனால் மனிதரிடம் மாட்டிக்கொள்ள இன்னொரு பிளேடு கிடையாது. இருக்கிற அலகையே ஆயுள் முழுக்க நிமிர்த்திக்கொண்டிருக்க வேண்டும். அதை நிமிர்த்தித் தருபவர்கள் நாம் தினமும் உரசுகிறவர்கள்: துணை, பெற்றோர், பிள்ளை, பழைய நண்பன்.

மொட்டைக் கத்தியை வாரில் எப்படித் திருப்பினாலும் தோலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. திருப்பத்தில் கவனம் வேண்டியது கூரான கத்திக்கு மட்டுமே. அறிவில் கூரானவர்கள், சொல்லில் கூரானவர்கள் தங்கள் கூர்மையைத் தங்கள் தனிச்சொத்தாக நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களை எதிர்த்து நின்றவர்களைவிட அவர்களை நாள்தோறும் தாங்கியவர்கள் மேலேயே அந்தக் கூர்மையின் வெட்டு அதிகம் விழுகிறது, அதுவும் பகையால் அல்ல, அவசரத்தால். எவ்வளவு நுட்பமாக வெட்ட முடியும் என்பது கூர்மையின் பாதி அளவுதான். தன்னைக் கூராக்கிய தோலின் மேல் ஒரு கீறலும் விழாமல் திரும்பத் தெரிந்தவருக்கே மீதிப் பாதி வாய்க்கிறது.