பின்னால் உட்காருகிறவர்

எக்ஸெல் கோப்பில் பதினான்கு வரிசைகள் இருந்தன. சிசி, குதிரைத்திறன், எடை, இருக்கை உயரம், டேங்க் கொள்ளளவு, ஏபிஎஸ், சாலை வரி, காப்பீடு, சர்வீஸ் செலவு என்று போகும். மேலே மூன்று பைக்குகளின் பெயர்கள். மூன்றுமே ‘நேக்கட்’ ரகம். என்ஜினை மூடி மறைக்கும் பிளாஸ்டிக் உடை கிடையாது. சிலிண்டர், குழாய், சட்டம் எல்லாம் வெளியே தெரியும். காற்றைத் தடுக்கவும் ஒன்றுமில்லை, நேராக நெஞ்சில் வந்து மோதும். எனக்கு அது பிடித்திருந்தது. எதையும் ஒளிக்காத வண்டி என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூரில் பைக் வாங்குவது திடீர் ஆசையில் செய்கிற காரியம் இல்லை. முதலில் 200 சிசி வரை ஓட்டுவதற்கான 2பி உரிமம். அதைக் குறைந்தது ஓராண்டு வைத்திருந்தால்தான் 400 சிசி வரைக்குமான 2ஏ. அப்புறம் பணம். வண்டியை வாங்கினால் மட்டும் போதாது, அதைச் சாலையில் வைத்திருக்கும் உரிமையையும் தனியாக வாங்க வேண்டும். 1990இலிருந்து இருக்கும் சிஓஇ முறை அது. சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும், பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். மோட்டார் சைக்கிளுக்கான சிஓஇ 2022இல் 10,000 வெள்ளியைத் தாண்டியது. சின்ன பைக் என்றால் வண்டியைவிடச் சான்றிதழுக்குத்தான் விலை அதிகம்.

ஆக, பத்து ஆண்டுக்கான முடிவு. அதை எடுக்கக் கடையில் கிடைப்பது பத்து நிமிடம். அதுவும் எல்லாக் கடையிலும் கிடையாது. பல இடங்களில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

முதலில் ஓட்டியது கேடிஎம் 390 டியூக். ஆஸ்திரியப் பெயர், புனே பக்கத்தில் சாக்கனில் செய்த வண்டி. 373 சிசி, ஒற்றை சிலிண்டர். ஊபியில் இருந்த கடையில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். விழுந்தால் என் பொறுப்பு, உடைந்தால் என் செலவு, பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. படிக்காமலே போட்டேன். பிஐஇ விரைவுச்சாலையில் ஏறியதும் மணிக்கட்டு தானாகத் திரும்பியது. வேகமானி 110ஐத் தொட்டபோது சிரித்துக்கொண்டிருந்தேன் என்று ஹெல்மெட்டுக்குள் கேட்ட சத்தத்தில்தான் எனக்கே தெரிந்தது. வரம்பைத் தாண்டிவிட்டேன் என்பதும் தெரியும்.

இரண்டாவது பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர். ஜெர்மன் சின்னம் ஒட்டிய இந்த வண்டி ஓசூரில் டிவிஎஸ் ஆலையில் பிறந்தது. 313 சிசி. இருக்கை உயரம் 785 மில்லிமீட்டர், இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிந்தன. அலெக்சாண்ட்ரா பக்கம் இருந்த கடையிலிருந்து வெஸ்ட் கோஸ்ட் நெடுஞ்சாலை வரை போய்த் திரும்பினேன். ஒழுங்கான பிள்ளையாக இருந்தேன். சிக்னல் மஞ்சளானதும் நின்றேன், வழிவிட்டேன். இறங்கும்போது எனக்கே கொஞ்சம் ஆச்சரியம். ஒரே வாரம், ஒரே ஆள். ஒரு வண்டியில் ரவுடி, இன்னொன்றில் பள்ளிக்கூடத்து மாணவத் தலைவன். வண்டிகளை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த மாதிரி ஆளாகப் பத்து வருஷம் இருக்கப் போகிறேன் என்பதுதான் அங்கே ஒப்பீட்டில் இருந்தது. அதற்கும் கோப்பில் வரிசை இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கிளமெண்டி வீட்டில், அடுக்களையில் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே எம்ஆர்டி போகும் சத்தம். நான் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். அம்மா கண்ணைச் சுருக்கி மேலிருந்து கீழே வரை பார்த்தார்.

“பின் சீட்டு எப்படி இருக்கு?”

என்னிடம் பதில் இல்லை.

“வேகமாலாம் போகலல்ல?”

“இல்லம்மா. மெதுவாத்தான்.”

இந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு அரை விநாடிகூட ஆகவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தக் கட்டுரையே அந்த அரை விநாடியைப் பற்றியதுதான்.

அம்மாவின் தம்பி, நான் பிறப்பதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜோகூரில் பைக் விபத்தில் இறந்துபோனார். வீட்டில் படம் இருக்கிறது, மாலை போடுகிறோம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மாமா பைக் ஓட்டிப்போய் இறந்தார் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அன்றைக்கு அம்மா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னார்: “அவன் ஓட்டல. பின்னாடி உக்காந்துட்டு வந்தான். ஓட்டினவருக்குக் கை மட்டும்தான் உடைஞ்சுது.”

மாமாவின் நினைவு நாளுக்கு வருஷா வருஷம் ஜோகூரில் பாட்டி வீட்டுக்கு ஒருவர் வருவார். கூடத்து ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, யாரிடமும் அதிகம் பேசாமல் போய்விடுவார். தூரத்து உறவு என்று நினைத்திருந்தேன். அவர்தான் ஓட்டியவர். மழை, எதிரே வந்த லாரி, போலீஸ் விசாரணையில் அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் இருபத்தேழு வருஷமாக வருகிறார். அம்மா அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1976இல் ஒரு கட்டுரையில் இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி யோசித்தார். தன் தவறு எதுவுமே இல்லாமல் ஒரு குழந்தையை மோதிவிட்ட லாரி ஓட்டுநர். ‘உன்மேல் தப்பில்லை’ என்று நாம் எல்லோரும் அவரைத் தேற்றுவோம், தேற்றவும் வேண்டும். ஆனால் அவர் உடனே தேறிவிட்டால் நமக்கு அவர்மேலேயே ஒரு சந்தேகம் வரும். வேடிக்கை பார்த்தவரின் வருத்தமும் ஸ்டீயரிங் பிடித்தவரின் வருத்தமும் ஒன்றல்ல என்கிறார் வில்லியம்ஸ். நான் கல்லூரியில் இதைப் படித்து மதிப்பெண் வாங்கியவன். எங்கள் பாட்டி வீட்டுக் கூடத்தில் அவர் உட்கார்ந்திருந்ததைத்தான் கவனிக்கவில்லை.

மூன்றாவது வண்டி ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர். 1992இல் வந்து, 2022இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. 399 சிசி, நான்கு சிலிண்டர். ஆறாயிரம் சுற்றைத் தாண்டியதும் விடெக் வேலை செய்ய ஆரம்பித்துக் குரலே மாறிவிடும். சிங்கப்பூரில் 2ஏ எடுத்த என் வயதுக்காரர்கள் பலர் பயிற்சித் திடலில் இதைத்தான் ஓட்டிப் பழகினோம். ஆனால் திடலைத் தாண்டி ஓட்டிப் பார்த்ததில்லை. புதிதாக இனிக் கிடைக்காது, மிச்சமிருக்கும் சிஓஇயோடு பழைய வண்டி வாங்கினால்தான் உண்டு. தேசிய சேவையில் என்னோடு இருந்த நண்பனிடம் ஒன்று இருக்கிறது. அவன் காப்பீட்டில் என் பெயர் இல்லாததால் ஓட்டத் தரமாட்டேன் என்றான். “பின்னாடி ஏறு லா, காட்டுறேன்.”

அப்படித்தான், வாங்கப்போகிற வண்டியை முதல்முறையாகப் பின்சீட்டிலிருந்து பார்த்தேன்.

பின்சீட்டில் பிரேக் இல்லை. ஹேண்டில் இல்லை. முன்னால் என்ன வருகிறது என்று பார்க்க வழியில்லை, நண்பனின் ஹெல்மெட்தான் தெரிகிறது. அவன் எப்போது வளைவான், எப்போது நிறுத்துவான் என்பது நடந்த பிறகுதான் தெரியும். அவன் ஒவ்வொரு முறை பிரேக் பிடித்தபோதும் என் ஹெல்மெட் அவன் ஹெல்மெட்டில் ‘டொக்’ என்று இடித்தது. நண்பன் நல்ல ஓட்டுநர், வேகமாகவும் போகவில்லை. ஆனாலும் பத்து நிமிடமும் என் தொடை இறுகியே இருந்தது. கேடிஎம்மில் 110இல் சிரித்தவன், இங்கே 60இல் பயந்துகொண்டிருந்தேன். வண்டி மாறியதால் வந்த பயம் இல்லை. உட்கார்ந்த இடம் மாறியிருந்தது.

‘என் உயிர், என் இஷ்டம்’ என்று பைக்காரர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சொல்லியிருப்போம். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் ‘ஆன் லிபர்ட்டி’ நூலில் கொடுத்த பெரிய உரிமையின் சின்ன வடிவம் அது. தன்னை மட்டும் தொடுகிற காரியத்தில் ஒருவரைத் தடுக்கச் சமூகத்துக்கு உரிமையில்லை. சரி. ஆனால் மில் அதோடு ஒரு நிபந்தனையையும் வைத்திருக்கிறார். அந்தக் காரியம் வேறு ஆட்களையும் தொடுமென்றால், அவர்கள் தாமாக விரும்பி, ஏமாற்றப்படாமல் சம்மதித்திருக்க வேண்டும்.

ஏமாற்றப்படாமல். அந்த ஒரு சொல்லில் நான் மாட்டிக்கொண்டேன்.

அம்மாவைக் கேட்டால் பின்னால் ஏறிவிடுவார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தம்பியைப் பின்சீட்டில் பறிகொடுத்தவர், பிள்ளை கூப்பிட்டால் ஏறுவார். அன்பினால் வருகிற சம்மதத்தில் உள்ள சிக்கல் இதுதான். எதைக் கேட்டாலும் அது ‘சரி’ என்று சொல்லிவிடும், எனவே அது எதையும் நிரூபிப்பதில்லை. அவர் சம்மதித்துவிட்டார் என்று என் பொறுப்பை நான் இறக்கிவைக்க முடியாது. அதற்கும் மேலே, மெதுவாகத்தான் போனேன் என்று ஏற்கெனவே பொய் சொல்லியிருக்கிறேன். அதை நம்பி அவர் ஏறினால் அது சம்மதமே இல்லை.

சிங்கப்பூர் வாகனங்களில் ஏறத்தாழ ஏழில் ஒன்றுதான் மோட்டார் சைக்கிள். சாலை விபத்தில் இறப்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேரோ அதற்கும் மேலோ அதில் வந்தவர்கள். போலீஸ் புள்ளிவிவரத்தில் ஓட்டியவரையும் பின்னால் இருந்தவரையும் ஒரே வரியில் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். அந்த இருவரில் ஒருவர் கையில்தான் பிரேக் இருந்தது என்பது அந்த வரியில் தெரியாது.

இதற்கு எதிராக நானே எனக்குள் வாதாடியும் பார்த்தேன். இப்படிப் பார்த்தால் யாரும் யாரையும் எதிலும் ஏற்ற முடியாதே? பேருந்து ஓட்டுகிறவரும்தானே நம் உயிரைக் கையில் வைத்திருக்கிறார்? அம்மாக்களின் பயத்துக்கெல்லாம் தலையாட்டினால் எந்தப் பிள்ளையும் வாசலைத் தாண்டாது. இதெல்லாம் உண்மைதான். அம்மாவின் பயத்துக்கு என் ஆசையை ரத்துசெய்யும் அதிகாரம் இருக்கிறது என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் பேருந்து ஓட்டுநரை எனக்காக யாரோ சோதித்திருக்கிறார்கள். என்னை என் அம்மாவுக்காக யார் சோதித்தது? உரிமம் கொடுத்த அதிகாரி அன்றைய தேதியில் நான் தடுமாறாமல் எட்டுப் போட்டேனா என்று பார்த்தார். பிஐஇயில் நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம், 51ஆவது. பொறுப்பை ஒருவரிடம் நம்பி ஒப்படைக்கும் முன் அவரை எப்படிச் சோதிப்பது என்பதைப் பற்றியது. முதல் குறளிலேயே நான்கு சோதனைகள் வருகின்றன: அறம், பொருள், இன்பம், உயிரச்சம். என் எக்ஸெல் கோப்பைத் திறந்து பார்த்தேன். பொருளுக்கு வரிசை இருக்கிறது, விலையும் வரியும். இன்பத்துக்கு இருக்கிறது, குதிரைத்திறன். உயிரச்சத்துக்கும் ஏபிஎஸ் என்று ஒன்று இருக்கிறது. அறத்துக்கு மட்டும் இல்லை. அதைவிடப் பெரிய பிசகு, சோதிக்கப்பட வேண்டியது யார் என்பதிலேயே இருந்தது. வள்ளுவர் சோதிக்கச் சொல்வது நம்பப்படப் போகிற ஆளை. சோதிப்பவர், நம்பப் போகிறவர். நான் மூன்று வாரமாக வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நம்பப்படப் போகிற ஆள் நான். நம்பப் போகிறவரோ அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், ஆராயாமல் நம்புவதும், நம்பிய பின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் என்கிறது. பின்சீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தவருக்கு இது எளிதாகப் புரியும். ஓடுகிற வண்டியில் சந்தேகம் வந்தால் இறங்கவா முடியும்? கேட்க வேண்டியதை எல்லாம் ஏறுவதற்கு முன்னாலேயே கேட்டாக வேண்டும். கேட்காமலே தெரிய வேண்டியதை ஓட்டுகிறவன் சொல்லியாக வேண்டும்.

முதலில் வாங்கியது ஹெல்மெட். அம்மாவுக்கு, எஸ் சைஸ். அடுக்களையிலேயே போட்டுப் பார்த்தார். அப்போதுதான் சொன்னேன்.

“அன்னைக்கு நூத்திப் பத்துல போனேன்மா.”

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “தெரியும். உன் மூஞ்சியிலயே இருந்துச்சு.” கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப ஏன் சொல்ற?”

“நீ பின்னாடி உக்காரப் போறல்ல.”

அம்மா ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். அன்றைக்கு அதற்குமேல் எதுவும் பேசவில்லை. ஏறுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு வாரமும் நான் காத்திருந்தேன். எனக்கு அது நல்ல தண்டனை. அவர் இல்லை என்று சொல்லவும் முடியும் என்பதை அப்போதுதான் நான் நம்பினேன்.

வாங்கியது பழைய சூப்பர் ஃபோர். சிஓஇ இன்னும் ஐந்தரை வருஷம் இருக்கிறது. நான்கு சிலிண்டர் குரல் பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் முடிவு செய்தது நீளமான, தட்டையான இருக்கையும் பின்னால் இருக்கும் கைப்பிடியும்தான். கோப்பில் கடைசியாகச் சேர்த்த வரிசை அது, பதினைந்தாவது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவே, “தேக்கா வரைக்கும் போலாமா? மீன் வாங்கணும்” என்றார். “விரைவுச்சாலை வேணாம். புக்கிட் தீமா பக்கமாப் போ.” போனோம். வழியெல்லாம் சிக்னல். போகும்போது அவர் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் பதினொரு தடவை இடித்தது. எண்ணிக்கொண்டே ஓட்டினேன். சீக்கிரமாகவே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் பதமாகப் பிடித்தால் இடிக்காது என்று சந்தையில் நிற்கும்போது யோசித்து வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது நான்கு தடவை.